உச்சியிலிருந்து தொடங்கும் ஏற்காடு

சேலம் நகருக்கு வடக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக எழுந்து நிற்கும் சேர்வராயன் மலைக்குக் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிட எண்ணி வருபவர்களில் பெரும்பாலோர், ஏற்காடு ஏரியில் படகுச் சவாரி முடித்து, அண்ணா பூங்காவைச் சுற்றிப் பார்த்து, கடைத்தெருவில் மிளகும் காப்பித்தூளும் வாங்கிய பிறகு, பொழுது மிஞ்சினால் போய்க்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கும் இடமாகச் சேர்வராயன் கோயில் ஆகிவிட்டது. மலைத்தொடர் முழுவதற்கும் தன் பெயரைக் கொடுத்த தெய்வத்தின் குகைக்கோயிலுக்குப் பயணத்தின் கடைசி அரைமணி நேரத்தை மட்டும் ஒதுக்குவது முறையா என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, வெறும் பயண வசதியைக் கருதினாலும் அது தவறான வரிசையே. காலையில் தெளிந்திருக்கும் உச்சி பிற்பகலில் மூட்டத்துக்குள் போய்விடுவது இம்மலையில் அடிக்கடி நிகழ்வது. ஏரியோ எந்த வேளையிலும் ஏரிதான். ஆகவே முதன்முறையாக வருபவர்கள் உச்சியை முதலில் வைத்து, அங்கிருந்து கீழ்நோக்கித் தங்கள் பகற்பொழுதை வகுத்துக்கொள்வதே நல்லது.

அவ்வாறு வகுப்பதற்கு முன், அங்கே காண இருப்பது எவ்வகையான பழமை என்பதை அறிந்துகொள்வது அவசியம். இல்லையேல் ஏமாற்றமே மிஞ்சும். தமிழ்நாட்டில் பழம்பெரும் கோயில் என்றதும் மனத்தில் எழும் கோபுரமோ, திருச்சுற்றோ, சுவரெங்கும் பொறித்த கல்வெட்டுகளோ சேர்வராயன் கோயிலின் பெருமைக்குக் காரணம் அல்ல. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், மரங்கள் குறைந்து புல் விரிந்த ஒரு தட்டையான உச்சியில், பாறைக்குள் நுழையும் தாழ்வான குகை ஒன்றே கருவறை. அதற்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கிறார்கள். முகப்பில் காணப்படும் கட்டுமானங்கள் பிற்காலத்தவை. ஆற்றின் பெயரால் வழங்கும் அம்மன் ஆற்றிலிருந்து வெகு தூரம் தள்ளி மலையுச்சியில் குடிகொண்டிருப்பதற்கு உள்ளூரில் ஒரு விளக்கம் உண்டு: குகையின் உட்புறம் நீண்டு சென்று காவிரியின் பிறப்பிடத்தோடு சேர்கிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. குடகு மலையில் இருக்கும் தலைக்காவேரிக்கும் இம்மலைக்கும் இடையிலுள்ள தொலைவை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் மேற்கே மலையைக் கடந்து சமவெளியில் ஓடும் காவிரியைத் தலைமுறை தலைமுறையாக மேலிருந்து பார்த்துவந்த மக்கள் அந்த ஆற்றைத் தங்கள் தெய்வத்தோடு சேர்த்துவைத்ததில் ஒரு நியாயம் இருக்கவே செய்கிறது.

அம்மக்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையால் முதலிடத்தில் இருப்பவர்களும் இவர்களே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் தொகை மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. தமிழகச் சட்டப்பேரவையில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டே தொகுதிகளில் ஏற்காடு ஒன்று, கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம் மற்றொன்று என்பதும் இம்மலைகளில் அவர்கள் வாழ்வின் அடர்த்தியைக் காட்டும். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் மூன்று சகோதரர்களாகப் புறப்பட்டு வந்தார்கள் என்றும், மூத்தவனான பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்றும் அவர்களிடையே ஒரு வரலாறு வழங்குகிறது. இது ஏட்டில் எழுதிவைத்த வரலாறு அன்று. ஆனால் மூன்று மலைகளில் பிரிந்து வாழும் ஒரே இனத்தார் தங்களுக்குள் உறவையும் வேற்றுமையையும் கணக்கிட்டுக்கொள்ளும் முறை அதில் அடங்கியிருக்கிறது. மலையைச் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாகப் பகுத்து வழங்குவது பழைய வழக்கம். நாடு என்பது இங்கே பல ஊர்களைச் சேர்த்து ஆளும் ஓர் உள்ளூர் அமைப்பைக் குறிக்கும். ஆண்டுதோறும் மே மாதத்தில், வைகாசியை ஒட்டி நடைபெறும் சேர்வராயன் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் பலவும் திரண்டு உச்சிக்கு வருகின்றன. அன்று சுற்றுலாப் பயணி ஒரு விருந்தாளியே தவிர வேறு யாரும் அல்லர்.

இம்மலையில் மனித வாழ்வின் பழமையைக் கணிக்கக் கல்வெட்டு உதவாத இடத்தில் கற்கருவிகள் உதவுகின்றன. சேர்வராயன் மலையில் ஆங்காங்கே புதிய கற்காலத்தைச் சேர்ந்த கற்கோடரிகள் கிடைத்துள்ளன. புதிய கற்காலம் என்பது மனிதர்கள் பயிர் செய்யவும் கால்நடை வளர்க்கவும் தொடங்கி, கல்லை வெறுமனே உடைத்துப் பயன்படுத்தாமல் தேய்த்துக் கூராக்கிப் பயன்படுத்திய காலம். தென்னிந்தியாவில் அது இற்றைக்குச் சுமார் ஐயாயிரம் ஆண்டுகளிலிருந்து மூவாயிரம் ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகும். சேர்வராயனுக்கு வடகிழக்கே திருப்பத்தூர் அருகே உள்ள பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் நடத்திய அகழாய்வு, இப்பகுதியில் அக்கால மக்கள் ஊர் அமைத்து வாழ்ந்ததை உறுதிப்படுத்தியது. உள்ளங்கையில் வைத்தால் பாதி கையை மறைக்கும் அளவில், ஒரு முனை குவிந்தும் மறுமுனை பிறைபோல் அகன்றும் இருக்கும் இக்கோடரிகளின் வெட்டுவாய்ப் பகுதியை மட்டும் தடவிப் பார்த்தால் போதும். மற்ற பக்கங்களில் உளி கொத்தியதுபோன்ற சொரசொரப்பும், வாய்ப்பகுதியில் கண்ணாடிக்கு நிகரான வழவழப்பும் விரலுக்குத் தெரியும். அந்த வழவழப்புக்காக ஒரு மனிதன் பாறையில் நீர் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் தேய்த்திருக்க வேண்டும்.

இக்கோடரிகளைப் பற்றிய ஒரு செய்தி பயணிகளுக்குப் பெரிதும் பயன்படும். சேலம் மாவட்ட மலைக்கிராமங்கள் சிலவற்றில் இவை மரத்தடியிலும் சிறு கோயில்களிலும் வரிசையாக நட்டுவைக்கப்பட்டு, மஞ்சள் குங்குமம் இட்டு இன்றும் வழிபடப்படுகின்றன. உழும்போதோ மழைநீர் மண்ணை அரித்தபோதோ வெளிப்பட்ட, மனிதன் செய்ததாகவும் தெரிந்து யார் செய்தார் என்றும் தெரியாத ஒரு பொருளைச் சாமியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மலைமக்கள் கண்ட முடிவு. ஐரோப்பாவிலும் இதே வகைக் கோடரிகளை மின்னலோடு வானிலிருந்து விழுந்த கற்கள் என்று நம்பி, இடி தாக்காமல் இருக்க வீட்டுக் கூரையில் செருகிவைக்கும் பழக்கம் பல நூற்றாண்டுகள் இருந்தது. ஆகவே மலைக்கிராமத்து மரத்தடியில் பொட்டிட்ட சிறு கல் கண்ணில் பட்டால் அது வெறுங்கல் என்று எண்ணி எடுத்துப் பார்க்கவோ, அதைவிட மோசமாகப் பையில் போட்டுக்கொள்ளவோ கூடாது. அது ஒரே சமயத்தில் தெய்வமாகவும் நாலாயிரம் ஆண்டுக்கால ஆவணமாகவும் இருக்கலாம்.

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப்படும் இராபர்ட் புரூஸ் ஃபூட் தம் பிற்கால வாழ்வை ஏற்காட்டில் அமைத்துக்கொண்டதும் இம்மலையின் கதையைச் சேர்ந்தது. 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த அவர், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனித வாழ்வு எழுத்துக்கும் இரும்புக்கும் வெகு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு அறிவியல் உலகம் ஏற்ற முதல் சான்றாக அது அமைந்தது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் அதிராம்பாக்கம் என்ற பழைய கற்காலத் தொல்லிடத்தைக் கண்டறிந்தனர். ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த ஃபூட், நாற்பது ஆண்டுகளாகத் திரட்டிய கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அத்தொகுப்பில் சேர்வராயன் மலையில் கிடைத்தவையும் உண்டு. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவர் இறந்தார். அவருடைய அஸ்தி ஏற்காட்டில் உள்ள பரிசுத்த திரித்துவ ஆலய வளாகத்துக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய மாமனார் தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும், 1855இல் ‘தினவர்த்தமானி’ என்ற இதழைத் தொடங்கியவருமான பீட்டர் பெர்சிவல்தான் அவர். 1882இல் அவர் மறைந்ததும் இதே ஏற்காட்டில்தான். ஏரிக்கரைக் கூட்டத்தில் நின்று பஜ்ஜி தின்பவர்களில் நூற்றில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்குமா என்பது ஐயமே. ஊரில் இதைச் சொல்லும் பலகை ஒன்று கண்ணில் படும் இடத்தில் இருந்தால் நன்றாயிருக்கும்.

உச்சி ஏன் தட்டையாக இருக்கிறது என்பதற்கும் ஒரு விடை உண்டு. சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட் எனப்படும் கடினமான கருநிறப் பாறை. நிலத்தின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தில் உருவாகி, சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமை கொண்டது. இப்பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்தபோது கரையக்கூடிய பொருள்கள் நீரோடு போய்விட, அலுமினியச் சத்து நிறைந்த செந்நிற ஓடு ஒன்று மேலே எஞ்சியது. அதுவே பாக்சைட். உச்சிப் பரப்பைத் தட்டையாக வைத்திருக்கும் அந்த ஓட்டின் மேல் மண் மெல்லியதாகவே இருப்பதால் பெருமரங்கள் வேரூன்றுவது அரிது, புல்லே மிகுதி. மேட்டூரில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, பல பத்தாண்டுகள் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் இந்தப் பாக்சைட்டையே வெட்டி எடுத்தது. கோயிலுக்குச் செல்லும் சாலையோரத்தில் காலை வெயிலில் சிவந்து தெரியும் மண்ணைக் கவனிப்பவர்களுக்கு, தெய்வத்தின் இருப்பிடமும் ஓர் ஆலையின் மூலப்பொருளும் ஒரே உச்சியில் இருந்தது எப்படி என்பது சொல்லாமலே விளங்கும்.

இனிப் பயணத்துக்கு வரலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சி எல்லோரும் மலையேறுகிறார்கள். தோட்டக்கலைத் துறையின் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில் அண்ணா பூங்காவில் நடக்கின்றன. அந்நாட்களில் ஒரு வழியாக ஏறி மற்றொரு வழியாக இறங்குமாறு காவல்துறை வண்டிகளைத் திருப்பிவிடுவது உண்டு. மலர்களுக்காகவோ சேர்வராயன் திருவிழாவுக்காகவோ வருபவர்களுக்கு அதுவே காலம்; அமைதியாகக் கோயிலைக் காண விரும்புபவர்கள் அப்பக்கம் வராமல் இருப்பதே மேல். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை மிகும். இம்மலைக்கு இரண்டு பருவக்காற்றுகளாலும் மழை உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் பெய்வதால் கீழே சேலம் வறண்டு கிடக்கும்போதும் மேலே பசுமை இருக்கும். ஆனால் பெருமழையில் மலைச்சாலையில் பாறையும் மண்ணும் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்படும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அவ்வாறே நிகழ்ந்தது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையிலான வார நாட்களே முதல் பயணத்துக்கு மிகவும் ஏற்றவை. காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. கோடை மழையின் முதல் தூறலுக்குப் பிறகு, மார்ச் அல்லது ஏப்ரலில், காப்பிச் செடிகள் ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்துத் தோட்டம் முழுவதும் மல்லிகைபோல் மணக்கும் சில நாட்களும் உண்டு. ஆனால் அவை நாள் குறித்துக்கொண்டு வருபவை அல்ல.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். கோயம்புத்தூர், திருச்சி, ஈரோடு, தருமபுரி முதலிய ஊர்களிலிருந்து விடியலில் புறப்பட்டு இரவு வீடு திரும்பிவிடலாம். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஒரே பகலில் போய்வருவது காரில் இயலாத வேலை. அவர்களுக்கு உகந்தது இரவில் சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்பட்டு விடியுமுன் சேலம் சேரும் ஏற்காடு எக்ஸ்பிரஸ். பெயரை நம்பி ரயில் மலையேறும் என்று எண்ணிவிடக் கூடாது. அது ஈரோட்டுக்குப் போகும் வண்டி, ஏற்காட்டுக்கு இருப்புப்பாதையே கிடையாது. சேலம் சந்திப்பில் இறங்கி, பேருந்து நிலையத்துக்கு வந்து முகம் கழுவி, காப்பி குடித்து, காலை முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்தால் எட்டு மணிக்குள் ஏற்காடு சேரலாம். அரசுப் பேருந்து ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவை ஒட்டிய அடிவாரத்தைக் கடந்ததும் மலைச்சாலை தொடங்குகிறது. அதில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வந்த திசைக்கே திரும்பிவிடும் அளவுக்கு மடங்கும் இவ்வளைவுகள் இல்லாமல் சாலையை நேராக இட்டிருந்தால் அதன் சரிவு எந்த வண்டியாலும் ஏற முடியாததாக இருந்திருக்கும். பாதையை நீட்டித்தான் ஏற்றத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஏறும் வண்டிக்கு வழிவிட்டு இறங்கும் வண்டி நிற்க வேண்டும் என்பது மலைச்சாலையின் சட்டம். ஏறும் வண்டி நின்றுவிட்டால் மறுபடி நகர்வதற்குப் படும் பாடு மிகுதி என்பதே காரணம். சொந்த வண்டியில் வருபவர்களுக்கு அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர் வழியாக ஏறும் மற்றொரு சாலையும் உண்டு. ஒரு வழியில் ஏறி மறு வழியில் இறங்கினால் மலையின் இரண்டு முகங்களையும் காணலாம். வயிற்றைப் பிரட்டும் உடல்வாகு உள்ளவர்கள் அடிவாரத்தில் நிறைய உண்ணாமல் முன்வரிசையில் உட்கார்ந்து, தொலைவிலுள்ள மரத்தைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது. கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் பயன்படும்.

சாலை நெடுக மாறும் குளிர்ச்சிக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்திலும் சேர்வராயன் உச்சி 1,620 மீட்டர் உயரத்திலும் இருப்பதால் இரண்டுக்கும் இடையே எட்டு ஒன்பது டிகிரி வேறுபடும். சேலத்தில் வியர்த்துக்கொண்டு ஏறியவர்கள் டிசம்பர் காலையில் உச்சியின் காற்றில் நடுங்குவதற்கு இதுவே காரணம். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். தலைக்குத் துண்டோ மப்ளரோ இருந்தால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இதமாக இருக்கும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருப்பதால், இலையில் கட்டிய சோறும் எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீருமாக வருவதே சுமையற்றது.

ஏற்காட்டில் காலைச் சிற்றுண்டியை முடித்ததும் ஏரியின் பக்கம் திரும்பாமல் நேரே உச்சிக்குப் புறப்பட வேண்டும். ஊரிலிருந்து கோயில் சில கிலோமீட்டர் தொலைவு. பேருந்தில் வந்தவர்கள் ஏரிக்கு அருகே ஆட்டோவோ வாடகைக் காரோ பேசிக்கொள்ளலாம், போக வர எவ்வளவு, அங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை ஏறுமுன் பேசிவிடுவது நல்லது. நடக்க வல்லவர்கள் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சாலையில் நடந்தே போகலாம். காப்பிச் செடி நிழலை நாடுவது. அதற்காக நட்ட சில்வர் ஓக் மரங்களின் மேல் மிளகுக்கொடி படர்ந்து, ஒரே நிலத்தில் மூன்று அடுக்கில் பயிர் நிற்பதை அப்போது காணலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இம்மலையில் காப்பியையும் சில பழ மரங்களையும் கொண்டுவந்து நட்டதிலிருந்து இந்த நிலக்காட்சி தொடங்கியது. ‘ஏற்காட்டின் தந்தை’ என்று நூல்கள் அவரைப் போற்றுகின்றன. சாமையும் கேழ்வரகும் விளைந்த மலையில் அவருக்கு வெகு காலம் முன்பே குடியிருந்தவர்களை நினைத்தால் அந்தப் பட்டம் சற்று மிகை என்றே தோன்றும். தோட்டங்களில் காட்டெருமைகள் மேய்வது உண்டு. சாலையில் அவை நின்றால் அவை போகும்வரை காத்திருக்க வேண்டுமேயன்றி, கைப்பேசியோடு கிட்டே போகக் கூடாது.

உச்சியை அடைந்ததும் காற்று முதலில் வரவேற்கும். ஒன்பது மணியளவில் வானம் தெளிவாக இருந்தால் தெற்கே சேலம் நகரமும் சுற்றுக் குன்றுகளும் விரிந்து கிடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஈரக்கல்லில் நடக்கும்போது குளிர் உள்ளங்காலில் ஏறும். குகையின் வாயில் நிமிர்ந்து நுழைய இடம் தராது; குனிந்து, ஒரு கையால் பக்கத்துப் பாறையைப் பற்றிக்கொண்டு உள்ளே போகும்போது பாறை ஈரமாகவும், எண்ணெயும் புகையும் படிந்து வழுவழுப்பாகவும் இருப்பது தெரியும். வெளி வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் விளக்கு மட்டுமே புலப்படும். சற்று நின்ற பிறகே அதன் பின்னால் சேர்வராயனும் காவேரியம்மனும் துலங்குவார்கள். பலர் அந்தச் ‘சற்று’ நிற்பதற்குள் கும்பிட்டுவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். பின்னால் வரிசை இல்லாத வேளையில் போக வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முழங்கால் வலி உள்ளவர்களும் நெருக்கமான இடத்தில் மூச்சு முட்டுபவர்களும் வாயிலில் நின்றே வணங்கிக்கொள்ளலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. படம் எடுக்க விரும்பினால் பூசாரியிடம் கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை.

உலகின் புகழ்பெற்ற தொல்லிடங்கள் பலவற்றில் பயணி இவ்வளவு நெருங்க முடியாது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் கால் பட்டு மண் தேய்ந்துபோனதால் 1970களின் கடைசியிலிருந்து கல்வட்டத்துக்குள் பொதுமக்கள் நுழைவது பொதுவாகத் தடுக்கப்பட்டு, தொலைவில் கயிறு கட்டிய பாதையிலிருந்தே பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே வழிபடுவோர் என்று தொடர்ந்து வந்த ஒரு சமூகம் இல்லை. அதனால் காவலர்கள் தேவைப்பட்டார்கள். சேர்வராயனில் விளக்கேற்றுபவர்கள் இருக்கும்வரை குகை திறந்திருக்கும், அதன் ஒழுங்கை அவர்களே வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் உரக்கப் பாட்டு வைக்காமலும், பாறையில் பெயர் கிறுக்காமலும், புல்வெளியில் பொட்டலங்களை விட்டுச் செல்லாமலும் இருந்தால் போதும்.

உச்சியில் ஒன்றரை மணி நேரம் தாராளம். பதினொன்றுக்குள் இறங்கினால் மீதிப் பகலில் இரண்டு அல்லது மூன்று இடங்களுக்கு மேல் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பதே அறிவுடைமை. ஃபூட்டின் கதையை அறிந்தவர்கள் திரித்துவ ஆலயத்தில் சிறிது நேரம் செலவிடலாம். தாவரங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டம் உகந்தது. ஆர்க்கிட் என்பது பெரும்பாலும் மரக்கிளைகளில் தொற்றி வளர்ந்து, மழையிலிருந்தும் காற்றின் ஈரத்திலிருந்தும் நீரை எடுத்துக்கொள்ளும் பூச்செடி வகை. சேர்வராயனின் மூட்டம் அவற்றுக்கு இயல்பாகவே ஒத்துப்போகிறது. பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் குடுவைத் தாவரமும் அங்கே உண்டு, குழந்தைகளை அழைத்துவந்தவர்கள் அதைக் காட்டாமல் திரும்பினால் வருந்துவார்கள். அரசு நிறுவனம் என்பதால் விடுமுறை நாட்களில் திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். கரடிக் குகை, பகோடா முனை, கிளியூர் அருவி என்று வாடகை வண்டிக்காரர்கள் அடுக்கும் பட்டியல் நீளமானது. அவற்றுள் அருவி மழைக்குப் பிந்திய மாதங்களில் மட்டுமே அருவி, கோடையில் படியிறங்கி ஏறிய கால்வலிதான் மிச்சம். சேலத்துக்கு மேற்கே தாரமங்கலத்தில் கட்டி முதலியார்கள் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலின் சிற்பங்களையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். அது ஒரு முழுக் காலையைக் கேட்கும் கோயில், மலைப்பயணத்தின் வாலில் கட்டத்தக்கது அன்று.

மதிய உணவுக்குப் பிறகு ஏரிக்கரையில் அமர்ந்து சூடான மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவதற்கும், பருவத்துக்கேற்ப ஆரஞ்சு, பலா, பேரிக்காய், வெண்ணெய்ப்பழம் வாங்குவதற்கும் நேரம் இருக்கும். லேடீஸ் சீட் எனப்படும் பாறை முனை மாலையில் பார்ப்பதற்கு உரியது. தெளிந்த நாளில் அங்கிருந்து மலைச்சாலையின் வளைவுகளும், சேலம் நகரமும், தொலைவில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் தெரியும். காலையில் குகைக்குள் பார்த்த காவேரியம்மனின் ஆறு, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில்தான் தேங்கி நிற்கிறது.

இறக்கத்தை இருட்டுமுன் தொடங்க வேண்டும். மலைச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் எப்போதும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பேருந்தில் வந்தவர்கள் காலையில் இறங்கியதுமே மாலை வண்டிகளின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தையதில் ஏறிவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வண்டி நிலையத்துக்கு வருமுன்பே நிறைந்திருக்கும். ஏழு மணிக்குள் சேலத்தில் இறங்கியவர்களுக்குத் தட்டுவடை செட் சாப்பிடவும், சென்னைக்குப் போகிறவர்கள் என்றால் சந்திப்புக்கு வந்து இரவு வண்டிக்குக் காத்திருக்கவும் பொழுது போதுமானதாக இருக்கும்.